மாறாமல் மாற்றுவோர் உண்டோ?

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தூக்குச் சட்டியோடு பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்திருக்க, முந்தலைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை வழியே அவை போடிமெட்டை அடைகின்றன. அதற்கப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என விரிந்து கிடக்கும் ஏலத்தோட்டங்கள். மேலே விளையும் காய் கீழே வந்து சலிக்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, ஏலத்தில் விலைபோய், கடல் கடந்தும் மணக்கிறது. மலைக்கும் சமவெளிக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் இடைநின்று உதவுவோர் பலர். ஜீப் ஓட்டுபவர், ஆள் சேர்ப்பவர், தரகர், ஏலம் நடத்துபவர், கடனுக்கு ஆள் காட்டுபவர். இவர்கள் விளைவிப்போரும் அல்லர், நுகர்வோரும் அல்லர், இரு சாராரைச் சேர்த்துவைத்துவிட்டு விலகிக்கொள்வோர். அவ்வாறு சேர்த்துவைத்ததால் விளைந்தவற்றில் இவர்களுக்குப் பங்கு உண்டா?

ஏட்டில் எழுந்த கேள்வியன்று இது. எங்களைத் தேடி வந்து வாசலில் நின்ற கேள்வி. அது வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுவதே முறை.

எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம். தாய், ஏலக்காய்க் கடையொன்றில் காய் பொறுக்கித் தரம் பிரிப்பவர். மகளுக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்தது. வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார்கள், பதில் வரவில்லை. கட்டணம் செலுத்துவதற்கோ நாள் நெருங்கிவிட்டது. செபக்கூட்டம் முடிந்த ஓர் இரவில் அந்தத் தாய் கண்கலங்கியபோது எங்கள் உள்ளம் உருகியது. எங்களில் ஒருவருக்குக் கடைவீதியில் வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரைத் தெரியும். மறுநாளே நாங்கள் நால்வர் அந்தத் தாயை அழைத்துச் சென்று அறிமுகம் செய்துவைத்தோம். 40,000 ரூபாய் கைக்கு வந்தது. வட்டி நூற்றுக்கு ஐந்து என்பது பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்தது; மாதத்திற்கா, ஆண்டிற்கா என்று நாங்கள் கேட்கவில்லை. தரகாக ஒரு காசும் பெறவில்லை. ஒரு பெண்பிள்ளையின் படிப்புக்கு வழி செய்துவிட்டோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினோம்.

மாதத்திற்குத்தான் ஐந்து. ஆகவே மாதம் 2,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 48,000 கொடுத்தும், அசல் 40,000 அப்படியே நின்றது. அடுத்த ஆண்டுக் கட்டணத்திற்கு வழியின்றி மகள் படிப்பை நிறுத்தினாள். விடியற்காலை ஜீப்பில் ஏறிச் செல்லும் பெண்களுள் அவளும் ஒருத்தியானாள். தாய் எங்களிடம் வந்து, “ஐயா, நீங்க கூட்டிட்டுப் போன எடந்தானேன்னு நம்பி வாங்கினோம்” என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்வது எளிதாயிருந்திருக்கும்.

அவர் சென்றபின் எங்களுள் ஒருவர், மறையுரைகளில் பலமுறை கேட்ட உவமை ஒன்றை எடுத்துச் சொன்னார்: “நாம் வினையூக்கி மாதிரி. இரண்டு பொருள்களைச் சேர்த்துவைத்தோம். வினை அவற்றுக்குள் நடந்தது. நம்மிடம் ஒன்றும் ஒட்டவில்லை.” எங்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் மட்டும் தலையசைக்கவில்லை. சற்று நேரம் கழித்து, “வினையூக்கியைப் பற்றி நீங்கள் சொன்னது சரியில்லை” என்றார். அந்த இரவும் அதன்பின் பல மாலைகளும் அவர் எங்களுக்கு விளக்கியவற்றையும், அவற்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே வாசகர்முன் வைக்கின்றோம்.

1835-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ், தாம் செலவாகாமல் பிற பொருள்களிடையே வினையை எழுப்பும் பொருள்களைக் கண்டு, அச்செயலுக்குக் கிரேக்க மொழியிலிருந்து ஒரு பெயர் சூட்டினார். கட்டவிழ்த்தல் என்பது அதன் பொருள். நம் பள்ளிப் பாடநூல்கள் இப்பொருளை வினைவேக மாற்றி என்றும், வினையூக்கி என்றும் வழங்கின. வினையின் இறுதியில் அதன் அளவு குறைவதில்லை என்பது உண்மை. ஆனால் இறுதியில் குறையாதது என்பதும், இடையில் ஈடுபடாதது என்பதும் ஒன்றல்ல. நம் உவமை வழுக்கிய இடம் இதுவே.

வினையூக்கி வேலை செய்யும் விதத்தைப் போடியில் வாழ்பவருக்கு விளக்க வேறு உவமை வேண்டியதில்லை; மலைச்சாலையே போதும். வினை நிகழப் பொருள்கள் ஒரு மேட்டைக் கடந்தாக வேண்டும். அதைக் கிளர்வு ஆற்றல் என்கின்றனர். வினையூக்கி மலையை வெட்டித் தாழ்த்துவதில்லை. தாழ்வான கணவாய் வழியே வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது. புறப்படும் ஊரின் உயரமும் போய்ச்சேரும் ஊரின் உயரமும் மாறுவதில்லை. அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் வினையூக்கி உடன்வருகிறது, பொருளோடு பிணைகிறது, இடையில் தானே வேறொன்றாகிறது, பின்னர் பிணைப்பை விட்டு விலகுகிறது.

நம் ஏலக்காயையே எடுத்துக்கொள்வோம். அதன் மணத்துக்குக் காரணமான எண்ணெயில் இரு பொருள்கள் தலையாயவை: சினியோல், டெர்பினைல் அசிட்டேட். இவ்விரண்டும் செடிக்குள் ஒரே முச்சந்தியிலிருந்து பிரிந்து செல்லும் இரு பாதைகளின் முடிவுகள். அந்தச் சந்திவரை மூலப்பொருளைக் கொண்டுசேர்ப்பவை நொதிகள் எனப்படும் உயிர் வினையூக்கிகள். அந்நொதிகளுக்கும் துணை வேண்டும். மக்னீசியம் போன்ற உலோக அயனி மூலப்பொருளைப் பற்றிப் பிடித்துத் தராவிட்டால் அவற்றால் தொடங்க இயலாது. உயிருள்ள செடியின் நறுமணத்திற்கு உயிரற்ற உலோகத்தின் கைகோப்பு தேவைப்படுகிறது.

அப்பாதையில் ஒரு படி எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. டெர்பினியோல் என்னும் பொருள் சினியோலாக மாறும் படி அது. ஆய்வுக்கூடத்தில் இதை அமிலத்தைக் கொண்டு நடத்தலாம். அமிலம் தரும் ஒரு புரோட்டான், டெர்பினியோலின் இரட்டைப் பிணைப்பில் வந்து சேர்கிறது. உடனே ஒரு கார்பன் அணு நேர்மின் சுமை பெற்றுத் தவிக்கிறது. அதே மூலக்கூறின் மறுபுறத்திலுள்ள ஆக்சிஜன் அந்தக் கார்பனோடு பிணைந்து வளையத்தை மூடுகிறது. இறுதியில் ஒரு புரோட்டான் வெளியேறுகிறது. வந்தது ஒன்று, போனது ஒன்று, கணக்கு நேராயிற்று. ஆனால் போனது வந்ததன்று! வந்த புரோட்டான் கார்பனோடு நிலையாகத் தங்கிவிட்டது. வெளியேறியது ஆக்சிஜனிடம் முன்பே இருந்த வேறொன்று. ‘வினையூக்கி மாறவில்லை’ என்பது கணக்கேட்டின் மொழி. உள்ளே நடந்ததோ தங்குதலும் பிரிதலும்.

அதே ஏலக்காயில் அதே புரோட்டான் வேறொரு வேலையும் செய்கிறது. பறித்த பச்சைக்காயை மலைமேலுள்ள ஸ்டோர்களில் சூடேற்றி உலர்த்துவர். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காயாகும். காய் பச்சை குன்றாமல் இருந்தால்தான் நல்ல விலை. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு வீற்றிருக்கிறது. சூட்டில் காயின் உயிரணுக்கள் சிதைய, உள்ளிருக்கும் அமிலம் பச்சையத்தை அணுகுகிறது. இரண்டு புரோட்டான்கள் மக்னீசியத்தை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. பச்சை மங்கிப் பழுப்பேறுகிறது. இதைத் தடுக்கவே, உலர்த்துமுன் நூற்றுக்கு இரண்டு பங்கு சலவைச் சோடா கலந்த நீரில் காயைப் பத்து நிமிடம் ஊறவைக்கும் வழக்கம் வந்தது. சோடா அமிலத்தைத் தணிக்கிறது. இங்கே புரோட்டான் வினையூக்கியன்று. அது வந்தது, விலகவில்லை, பிறர் இருக்கையைப் பிடித்துக்கொண்டது. ஆக, ஒரே துகள் ஓரிடத்தில் வழிதிறக்கும் துணை, மற்றோரிடத்தில் இடம்பறிக்கும் அந்நியன். வந்து சேர்ந்தபின் அது என்ன செய்கிறது என்பதே வேறுபாடு.

இவற்றை வேதியியலின் வியப்புகளாக மட்டும் கேட்டுவிட்டுச் செல்ல எங்களால் இயலவில்லை. எங்கள் வழக்கிற்கு இவை சாட்சி சொல்லத் தொடங்கின.

முதற்கண், நாங்கள் எழுப்பிய ஒரு தற்காப்பு: “நாம் அறிமுகம் செய்யாவிட்டாலும் வேறு யாராவது செய்திருப்பார்கள். ஏழ்மையும் இருந்தது, பேராசையும் இருந்தது. முடிவு எப்படியும் இதுதான்.” வினையூக்கியும் சமநிலையை மாற்றுவதில்லை அல்லவா? ஆசிரியர் இதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: “வேகத்தை அற்பமாக எண்ணாதீர்கள். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் ஒரு கலத்தில் அடைத்து அறையில் வைத்தால், நம் ஆயுள் முடிந்தாலும் அவை அப்படியே இருக்கும். முடியும் என்பதற்கும் நடந்தது என்பதற்கும் இடையில் நிற்பது வினையூக்கிதான்.” அந்தச் சொல் எங்களைத் தைத்தது. ஏனெனில், நாங்கள் கடைவீதிக்குச் சென்றுவந்து மூன்று வாரம் கழித்து வங்கியிலிருந்து அந்தக் குடும்பத்திற்கு அழைப்பு வந்திருந்தது. கட்டணம் கட்டியாயிற்றே என்று அவர்கள் போகவில்லை. கல்லூரியில் ஒரு மாதம் தவணை கேட்டிருக்கலாம். எங்களுள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஏழைக்குக் கைப்பொருள் இல்லாவிட்டாலும் சிறிது காலம் இருந்தது. அந்தக் காலத்தை எங்கள் இரக்கமே சுருக்கிவிட்டது.

இரண்டாவது, வினையூக்கிக்கு நன்மை தீமை தெரியாது. மலைச்சாலை ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் ஒன்றே. வினையூக்கியும் முன்னோக்கிய வினையையும் பின்னோக்கிய வினையையும் ஒருசேர விரைவுபடுத்துகிறது. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் வழியைச் செயல்படுத்திக் காட்டினார். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் இரும்பை வினையூக்கியாகக் கொண்டு பெருந்தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அந்த அம்மோனியாவிலிருந்து பயிருக்கு உரம் வந்தது. அடுத்து மூண்ட உலகப்போரில் வெடிமருந்தும் வந்தது. இரும்பு இரண்டுக்கும் ஒரே உழைப்பைத் தந்தது. மற்றொரு சான்று: குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட வாயுக்கள் வான் உச்சியில் சிதைந்து குளோரின் அணுக்களை விடுவிக்கும் என்றும், அவை நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்றும் மோலினா, ரோலண்ட் ஆகிய இருவர் 1974-இல் எச்சரித்தனர். ஒரு குளோரின் அணு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது. ஒவ்வொரு முறையும் அது ஏதும் இழக்காமல், குற்றமற்றதுபோல் மீண்டு வருகிறது. ‘என்னிடம் ஒன்றும் ஒட்டவில்லை’ என்பதை அதைவிடப் பொருத்தமாக யாரால் சொல்ல முடியும்? இழப்பின்றி மீள்வது குற்றமின்மைக்குச் சான்றாகாது. அணுவை நாம் குற்றம் சாட்டுவதில்லை. அதற்குத் தெரிவு இல்லை. 1987-இல் மான்ட்ரியலில் கூடி அவ்வாயுக்களைக் கட்டுப்படுத்த உடன்பட்ட மனிதருக்குத் தெரிவு இருந்தது. கடைவீதிக்குச் சென்ற எங்களுக்கும் இருந்தது.

திருச்சபையின் அறநெறி மரபு இதை நெடுங்காலமாக எடைபோட்டு வந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் புனித அல்போன்ஸ் லிகோரியார், பிறர் தீவினைக்குத் துணைபோவதில் இருவகை உண்டெனப் பிரித்துக் காட்டினார். தீய நோக்கத்திலேயே பங்குகொள்வது ஒன்று. நோக்கத்தில் பங்கின்றிச் செயலுக்கு மட்டும் உதவியாக அமைவது மற்றொன்று. இரண்டாம் வகையை எளிதில் தள்ளிவிடாமல், உதவி எவ்வளவு நெருக்கமானது, அதற்குத் தகுந்த காரணம் உண்டா என்று கேட்கும்படி அம்மரபு நமக்குக் கற்பித்தது. எங்கள் நோக்கம் தூயது. ஆனால் வட்டி மாதத்திற்கா, ஆண்டிற்கா என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடியதைக் கேட்காமல் விட்டோம். விலக்கிக்கொள்ளக்கூடிய அறியாமை முழு மன்னிப்பு ஆகாது. அளவுமீறிய வட்டியைத் தடைசெய்யும் சட்டம் தமிழகத்தில் 2003 முதல் உள்ளது என்பதும் எங்களுக்கு நினைவில்லாமற்போனது. கையைக் கழுவியதால் பிலாத்து தீர்ப்பிலிருந்து விலகிவிடவில்லை என்பதைப் பலமுறை கேட்டும், எங்கள் கைகளை நாங்கள் நோக்கவில்லை.

இங்கே வாசகர் ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் எவருக்கும் எவரையும் அறிமுகம் செய்யாமலே இருந்துவிடுவது நல்லதோ? அன்று. இடைநிற்பவர் இல்லாத ஊரில் ஏழைக்கு ஒரு கதவும் திறவாது. மாவில் பிசைந்து வைக்கப்பட்ட புளிப்பு மாவின் உவமையை நாம் அறிவோம். புளிப்பேற்றுவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிருக்குள் இருக்கும் நொதிகளின் செயல் என்பதை 1897-இல் புக்னர் மெய்ப்பித்தார். அந்தப் புளிப்பு வெளியே நின்று மாவைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தன்னைப் பிரித்தறிய முடியாதபடி மாவோடு கலக்கிறது. ஆகவே கேள்வி, இடைநிற்கலாமா என்பதன்று. எவ்வாறு நிற்பது என்பதே.

இதற்கும் வேதியியலில் ஓர் அரிய விடை உண்டு. பிரான்சு நாட்டின் துலூஸ் நகரிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, 1912-இல் நோபல் பரிசு பெற்றவர் பால் சபாத்தியே. அவர் பெயரால் வழங்கும் நெறி இது: நல்ல வினையூக்கி பொருளை மிகத் தளர்வாகவும் பற்றக்கூடாது, மிக இறுக்கமாகவும் பற்றக்கூடாது. தளர்வாகப் பற்றினால் வினை தொடங்காது. இறுக்கமாகப் பற்றினால் விளைந்த பொருள் விலகிச் செல்ல முடியாது. வினையூக்கியும் அடைபட்டுப் பயனற்றதாகும். அம்மோனியா செய்யும் இரும்பின் மேற்பரப்பில் நடப்பதைப் படிப்படியாக விளக்கியதும் ஜெர்கார்டு எர்ட்ல் 2007-இல் நோபல் பரிசு பெறக் காரணமாயிற்று. இரும்பு நைட்ரஜன் மூலக்கூறைப் பற்றி இரண்டாகப் பிரிக்கிறது; ஒவ்வொரு அணுவையும் தாங்கி நிற்க, ஹைட்ரஜன் ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது; அம்மோனியா நிறைவானதும் இரும்பு அதை விட்டுவிடுகிறது. விடாமல் ஒட்டிக்கொள்வதால் வரும் கேட்டிற்கும் சான்று உண்டு. 1995-இல் நம் நாட்டின் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களின் புகையைத் தூய்மையாக்க வினையூக்கிக் கருவி வந்தபோது, ஈயமற்ற பெட்ரோலும் உடன்வர வேண்டியதாயிற்று. ஈயம் அக்கருவியின் பிளாட்டினத்தின்மேல் படிந்து விலகாமல் அதைச் செயலிழக்கச் செய்யும் என்பதே காரணம்.

முதலில் நாங்கள் செய்த பிழை தளர்ச்சி. சேர்த்துவைத்த கையோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். அதை உணர்ந்தபின் நால்வரும் தாயோடு கடைவீதிக்கு மீண்டும் சென்றோம். கணக்கைக் காட்டச் சொன்னோம், சட்டத்தையும் நினைவூட்டினோம். நெடிய பேச்சுக்குப்பின் இனி வட்டி இல்லை என்றும், அசலை மட்டும் மாதத் தவணையில் தந்தால் போதும் என்றும் முடிவாயிற்று. அந்த அசலில் பாதியை நாங்கள் நால்வரும் பகிர்ந்துகொண்டோம். அதைத் தருமம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அது எங்கள் பங்கு.

பின்னர் செய்த பிழை இறுக்கம். பொறுப்பேற்றுவிட்டோம் என்ற எண்ணத்தில் அந்த வீட்டு வரவு செலவுக் கணக்கை வாரந்தோறும் பார்க்கத் தொடங்கினோம். திருவிழாவுக்குப் புதுத்துணி எதற்கு என்றும் எங்களில் ஒருவர் கேட்டுவிட்டார். ஒரு ஞாயிறு மாலை மகள் வந்து நின்றாள். “ஐயா, தவணையை மாசாமாசம் நாங்க சரியாக் கட்டிருவோம். கணக்கு நோட்டை மட்டும் எங்ககிட்டயே குடுத்துருங்க” என்றாள். குரலில் மரியாதை குறையவில்லை, உறுதியும் குறையவில்லை. பச்சையத்தின் நடுவே மக்னீசியத்தின் இருக்கையில் அமர்ந்த புரோட்டான்கள் எங்கள் நினைவுக்கு வந்தன. உதவ வந்த நாங்கள் அந்த வீட்டின் நடுவிடத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தோம். நோட்டைக் கொடுத்துவிட்டோம்.

அவள் இன்னும் ஜீப்பில்தான் போய்வருகிறாள். வரும் ஆண்டில் மீண்டும் சேர்வதற்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். வங்கிக்கும் தாயும் மகளும் தாங்களாகவே சென்று வந்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் எழுதமாட்டோம். இழந்த இரண்டு ஆண்டுகளை எவரும் திருப்பித் தர இயலாது.

மாறாமல் மாற்றுவோர் உண்டோ என்று கேட்டோம். வேதியியலிலும் இல்லை என்பதே நாங்கள் கண்ட விடை. அன்று கடைவீதிக்குச் சென்றவரும் நால்வர், இன்று செபக்கூட்டத்தில் அமர்பவரும் அதே நால்வர், கணக்கு நேர்தான். ஆனால் இப்போது எவரேனும் உதவி கேட்டு வந்தால், கையைப் பிடித்து அழைத்துச் செல்லுமுன் எங்களுள் ஒருவர் தவறாமல் கேட்கிறார்: “மாதத்திற்கா, ஆண்டிற்கா?”